மேல்மாடித் தண்ணீர்

யாரோ என் படத்தையும்
இன்னொருவர் படத்தையும் அருகருகே வைத்துச்
சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.
என்னுடையதில் மூன்று,
அவருடையதில் மூன்று.
கீழே ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

அது கைபேசிக்கு வந்தபோது
155ஆம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
மருதானையில் இறங்க வேண்டியவள்
பொரளையில் இறங்கினேன்.

அவரைத் தேடிப் பார்த்தேன்.
லிஸ்பனில் இருக்கிறாராம், எழுபது வயது,
சுவர்க் கறைகளை வரைகிறாராம்.
நல்ல படங்கள்.
அதுதான் கூடுதலாக நொந்தது.

ரொறன்ரோவிலிருந்து மச்சான் எழுதினான்:
"பரவாயில்லை, நல்ல இடமாப் பாத்துத்தான் அடிச்சிருக்கிறாய்."
பக்கத்தில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

தை மாதம் கிறீன் பாத் நடைபாதையில்
கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண்
"அவர்ட மாதிரியே இருக்கு" என்று மகிழ்ந்து
பாதி விலைக்குக் கேட்டாள்.

மாதிரி.
எங்கள் பாஷையில் ஓயாமல் உழைக்கும் சொல்.
தையல்காரரிடம் கொடுப்பது மாதிரிச் சட்டை.
ஆஸ்பத்திரியில் சின்னப் போத்தலில் மூத்திர மாதிரி.
தெருவில் கண்டால் "என்ன மாதிரி?"
நான் சுகம் என்று சொல்லவில்லை.

ஜெனோஷன் கொம்பனித்தெருவில்
தகரம் வெட்டி ஒட்டிச் சிற்பம் செய்கிறவன்.
அவனையும் யாரோ யாருடனோ வைத்துப் பார்த்தார்கள்.
அதிலிருந்து ஒவ்வொரு நாளும்
அன்றைய பேப்பரைச் சிற்பத்தின் பக்கத்தில் பிடித்துப்
படம் எடுத்து வைக்கிறான்,
ஆள் கடத்தியவர்கள் கப்பம் கேட்கும்போது எடுப்பார்களே,
அப்படி.
தகரமும் பயந்த முகத்தோடுதான் நிற்கிறது.

நான் வேறு விதமாகக் கெட்டேன்.
கோடு கீற முன்பே
அந்தக் கோடு உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன்.
இருந்தது. எப்போதும் இருந்தது.
இந்த ஊரில் எத்தனை சந்தியில்
அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.
இப்போது துவக்கில்லாமல் நானே நின்று
என் தூரிகையை மறித்தேன்:
எங்கிருந்து வருகிறாய்?
இங்கே யாரைத் தெரியும்?

பழுப்பை விட்டேன்.
ஒரு வருடம் மஞ்சள் சதுரங்கள்.
யாருடையதைப் போலவும் இல்லை என்றார்கள்.
என்னுடையதைப் போலவும் இல்லை.

ஐப்பசி மழை.
கொட்டாஞ்சேனை வீட்டுக் கூரையில்,
கட்டிலுக்கு நேர் மேலே,
அந்தக் கறை திரும்ப ஊறத் தொடங்கியது.
முதலில் தேத்தண்ணி நிறம்,
ஓரத்தில் துரு,
நடுவில் ஒன்றுமில்லாத ஒரு வெள்ளை.
இருபது வருடமாக நான் பார்த்துக்கொண்டு படுக்கிற வெள்ளை.

மேல்மாடி நிஹார் நானா
வாளியோடு மன்னிப்புக் கேட்க வந்தார்.
மெசெஞ்சர் வீதியில் குழாய்ச் சாமான் கடை.
கூரையைப் பார்க்கவில்லை.
சுவரில் சாத்தியிருந்த பழைய படத்தின் முன் நின்றார்,
சிவப்பு வட்டம் வாங்கிய அதே படம்.

"இது எங்கட ஊட்டுத் தண்ணி தானே?"

பேசாமல் நின்றேன்.
அவர் கிட்டப் போனார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.
"இந்தா, இந்த இடத்துல எல்போ வெடிச்சிரிக்கி.
இங்கால வந்து, கம்பியில பட்டு, திரும்புது.
நான் ரெண்டு வருசமா
மத்தப் பக்கத்தைக் கொத்திட்டு இருந்த, பாருங்க."

பிறகு கதிரையில் ஏறிக் கூரையைத் தட்டினார்.
படம் சொன்ன இடத்தில்
சத்தம் மாறியது.

"ஞாயிறு திருத்தித் தாறேன்."
"அவசரமில்லை நானா."
கட்டிலில் சொட்டுகிறது, அவசரமில்லை என்கிறாள்.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
அந்த மாதிரி
எனக்குப் பிடித்திருந்தது.

வாளியை விட்டுவிட்டுப் போனார்.
பழுப்பு ட்யூபின் மூடி இறுகிக் கிடந்தது.
பல்லால் திறந்தேன்.
மேலே யாரோ குளிக்கப் போனார்கள்.